வாசித்தது காற்றோடு போகாமல் காகிதத்தில் நிற்க... பியானோ இசையை நோட்டேஷனாக்கும் தொழில்நுட்பம்!

1975, ஜனவரி 24. ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா ஹவுஸ். அன்றைய ஓபரா முடிந்த பிறகு, இரவு பதினொன்றரை மணி வாக்கில் இன்னொரு கச்சேரி. மேடையில் ஒரே ஒரு பியானோ. வாசிக்க வந்திருந்தவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் கீத் ஜாரெட்.

முதுகுவலி. சரியான தூக்கம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அவர் கேட்டிருந்த பியானோ மேடையில் இல்லை. தவறுதலாக, சிறிய பியானோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மேல் ஸ்தாயி தகரம் தட்டியதுபோல ஒலித்தது. கீழ் ஸ்தாயியில் கனமே இல்லை. பெடலும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. 'இதில் வாசிக்க முடியாது' என்று கிளம்பிவிட்ட ஜாரெட்டைப் பேசிச் சம்மதிக்க வைத்தவர், அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்திருந்த வேரா பிராண்டஸ் என்ற இளம்பெண்.

ஜாரெட்டின் முன் ஒரு தாள்கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவர் வாசித்தது முழுக்க மனோதர்மம். அந்த நிமிடம் மனதில் தோன்றியது, அந்த நிமிடமே விரலில் வந்தது. கீழ் ஸ்தாயி பலவீனமாக இருந்ததால், இடது கையில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து அந்தக் குறையை ஈடுகட்டினார். பதிவு செய்யப்பட்ட அந்தக் கச்சேரிதான் 'தி கொலோன் கான்செர்ட்'. தனிப் பியானோ ஆல்பங்களில் உலகில் மிக அதிகமாக விற்றவற்றில் அதுவும் ஒன்று.

உடனே உலகெங்கும் இருந்த பியானோ கலைஞர்கள், 'இதன் நோட்டேஷன் கிடைக்குமா?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஜாரெட் நீண்ட காலம் சம்மதிக்கவே இல்லை. அந்த இரவில் பிறந்த இசை அந்த இரவோடு போகட்டும் என்பது அவர் எண்ணம். கடைசியில் 1991-ல்தான் ஷாட் பதிப்பகம் அதை அச்சுப் புத்தகமாக வெளியிட்டது. ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாக மனிதக் காதால் எழுதப்பட்ட புத்தகம் அது. அதற்கும் ஜாரெட் ஒரு நிபந்தனை வைத்தார். வாசிப்பவர்கள் ஒலிப்பதிவைத்தான் இறுதி ஆதாரமாகக் கொள்ள வேண்டும்!

2018-ல் ஜாரெட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை பக்கவாதம் வந்தது. இடது கை பழையபடி இயங்கவில்லை. தான் அன்று வாசித்ததை இன்று அவராலேயே வாசிக்க முடியாது. அந்த இசை உலகில் மிச்சமிருப்பது ஒலிப்பதிவாகவும், அந்தப் புத்தகமாகவும்தான்.

கச்சேரிக்கும் புத்தகத்துக்கும் இடையே 16 ஆண்டுகள். இன்று அதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துத் தருவதாகப் பல செயலிகள் சொல்கின்றன. பியானோ வாசிப்பதைப் போனில் பதிவு செய்து ஏற்றினால் போதும், பிரின்ட் எடுக்கத் தயாராக நோட்டேஷன் வந்துவிடுமாம். உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதி எது, மீதிப் பாதியை யார் செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

ரெக்கார்டிங் இருக்கும்போது காகிதம் எதற்கு?

ரெக்கார்டிங் இருந்தால் கேட்கலாம். இன்னொருவர் அதை எடுத்து வாசிக்க வேண்டுமென்றால் நோட்டேஷன் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால், அது சின்ன வித்தியாசம் இல்லை.

இளையராஜா தன் கைப்பட நோட்ஸ் எழுதிக் கொடுத்து, வயலின் கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிப்பதைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. தமிழ் தெரியாத, அவரோடு பழகாத கலைஞர்களிடம் அவர் மனதில் இருந்த இசையைக் கொண்டு சேர்த்தது, எழுதப்பட்ட தாள்தான்.

ஆனால், நன்றாக வாசிக்கிற எல்லோருக்கும் எழுதத் தெரியாது. பாட்டைக் கேட்டுக் கேட்டே கீபோர்டு பழகியவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆலயத்தில் ஞாயிறுதோறும் வாசிப்பவர், பள்ளி ஆண்டு விழாவுக்குச் சொந்தமாக மெட்டுப் போடும் மியூசிக் டீச்சர், பிளஸ் டூ படித்துக்கொண்டே மாலை நேரத்தில் எதையோ வாசித்துப் பார்க்கும் மகள்... இவர்கள் விரலில் வருவது பெரும்பாலும் அன்றோடு மறந்துபோகிறது. வாசித்தவருக்கே மறுநாள் ஞாபகம் வராது. இந்தத் தொழில்நுட்பம் முதலில் உதவ வேண்டியது இவர்களுக்குத்தான்.

ஒரு கீ அழுத்தினால் ஒரு ஒலி அல்ல!

பியானோவில் 88 கீகள். ஒரு கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மூன்று கம்பிகள். ஆக, ஒரு பியானோவுக்குள் 200-க்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன. மிகக் கீழே இருக்கும் கீ நொடிக்கு 27.5 முறை அதிரும். மிக மேலே இருப்பது சுமார் 4,186 முறை.

'அப்படியானால் எத்தனை முறை அதிர்கிறது என்று அளந்தால், எந்தக் கீ என்று தெரிந்துவிடுமே!' என்று தோன்றும். சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது. நொடிக்கு 220 முறை அதிரும் கம்பி, அதோடு 440, 660, 880 என்று அதன் மடங்குகளையும் சேர்த்தே ஒலிக்கும். பியானோவின் ஒலிக்கு அந்த நிறத்தைத் தருவதே இந்த மடங்குகள்தான்.

அந்த 220-ஐ 'ச' என்று வைத்துக்கொள்வோம். மேல் ஸ்தாயி 'ச' 440. அது தரும் மடங்குகள் 440, 880, 1,320... இவை எல்லாமே கீழ் 'ச' ஏற்கெனவே தந்துகொண்டிருக்கும் ஒலிக்குள் அடங்கிவிடுகின்றன. இப்போது இரண்டு 'ச'வையும் சேர்த்து வாசித்தால்? மேல் 'ச' உண்மையிலேயே வாசிக்கப்பட்டதா, அல்லது கீழ் 'ச'வின் நிழலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பத்து விரல்களும் ஒன்றாக இறங்கும்போது இந்த நிழல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. வலது பெடலை மிதித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எல்லாக் கம்பிகளும் விடுபட்டு, தட்டாத கம்பிகூடச் சேர்ந்து லேசாக முனகும்.

புல்லாங்குழல், ஒற்றைக் குரல் போன்றவற்றை இயந்திரம் எழுதுவது இதைவிட மிகச் சுலபம். பியானோ கடினம் என்பதற்குக் காரணம் இந்த நிழல்கள்தான்.

250 ஆண்டுகளுக்கும் பழைய கனவு

வாசிக்க வாசிக்கத் தானே எழுதிக்கொள்ளும் இயந்திரம் வேண்டும் என்ற ஆசை கம்ப்யூட்டர் காலத்தது அல்ல. கிரீட் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் இப்படியொரு யோசனை, 1747-லேயே லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பெர்லினில் ஹோல்ஃபெல்ட் என்ற கைவினைஞர் அப்படி ஒன்றைச் செய்தே காட்டினார். கீயை அழுத்தினால், நகரும் காகிதத்தில் பென்சில் கோடு இழுக்கும். நீண்ட நேரம் அழுத்தினால் நீண்ட கோடு.

ஆனால் அந்தக் கோடுகளைப் பார்த்து யாராலும் வாசிக்க முடியாது. அவற்றை மறுபடி ஒருவர் உட்கார்ந்து முறையான நோட்டேஷனாக மாற்றி எழுத வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவும் திணறுவது அதே இடத்தில்தான்.

வழி ஒன்று: கீயைக் கண்காணிப்பது

ஒலியைக் கேட்டுக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, எந்தக் கீ கீழே போகிறது என்று நேரடியாகப் பார்த்துவிட்டால்? இதுதான் சென்சார் வழி.

யமஹாவின் டிஸ்க்ளேவியர் அசல் கம்பிகளும் சுத்தியல்களும் கொண்ட பியானோதான். உள்ளே இருக்கும் சென்சார்கள் ஒவ்வொரு அசைவையும் குறித்துக்கொள்ளும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பியானோவின் கீகளுக்கு அடியில் பொருத்தும் சென்சார் பட்டைகளும் விற்பனையில் இருக்கின்றன.

இவை தகவலை எழுதிவைக்கும் மொழிக்குப் பெயர் மிடி. 1983 முதல் உலகம் முழுக்கப் பயன்படும் தரம். எந்தக் கீ, எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது... இவ்வளவுதான் மிடியில் இருக்கும். ஒலி இருக்காது. பியானோவின் நடு 'சி'க்கு எண் 60, அதற்கு அடுத்த கறுப்பு கீக்கு 61, இப்படியே போகும். அழுத்தத்துக்கு 127 வரை எண்.

உங்களிடம் சாதாரண எலெக்ட்ரானிக் கீபோர்டு இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி வழியாக மிடி எடுக்கும் வசதி உண்டு. ஒரு கேபிள் போதும். நிழல் பிரச்னையே கிடையாது.

வழி இரண்டு: காதால் கேட்பது

அசல் பியானோ, கையில் போன் மட்டும்தான் என்றால் ஒலியிலிருந்துதான் கண்டுபிடித்தாக வேண்டும். இதற்கான முயற்சியும் பழையதுதான். ஜாரெட் கொலோனில் வாசித்த அதே 1975-ல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மூரர் தன் முனைவர் பட்ட ஆய்வில், இரண்டு இழைகள் மட்டுமே ஒலிக்கும் எளிய இசையைக் கம்ப்யூட்டரை எழுத வைத்தார். பத்து விரல் பியானோ அப்போது எட்டாத தூரம்.

பெரிய மாற்றம் கடந்த பத்து ஆண்டுகளில் வந்தது. முதலில் ஒலியைப் படமாக மாற்றுகிறார்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக ஸ்தாயி. எந்த அதிர்வு எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு பிரகாசம். இந்தப் படத்துக்குப் பெயர் ஸ்பெக்ட்ரோகிராம். இப்படிப் பல்லாயிரம் படங்களையும், ஒவ்வொன்றுக்கும் சரியான விடையையும் காட்டி நியூரல் நெட்வொர்க்கைப் பழக்குகிறார்கள்.

சரியான விடைக்கு எங்கே போவது? இங்கே டிஸ்க்ளேவியர் உதவிக்கு வந்தது. அமெரிக்காவில் நடக்கும் சர்வதேசப் பியானோ-இ போட்டியில் கலைஞர்கள் டிஸ்க்ளேவியரில்தான் வாசிக்கிறார்கள். ஆகவே ஒலிப்பதிவும் இருந்தது. எந்தக் கீ எப்போது அழுத்தப்பட்டது என்ற மிடி பதிவும் இருந்தது. இரண்டையும் சுமார் 3 மில்லி நொடித் துல்லியத்தில் பொருத்தி, கூகுளின் மெஜன்டா குழு 2018-ல் 'மேஸ்ட்ரோ' என்ற தரவுத் தொகுப்பை வெளியிட்டது. சுமார் 200 மணி நேர இசை, விடைத்தாளோடு!

அதே குழு செய்த இன்னொரு நல்ல யோசனை, வேலையை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதி சுத்தியல் கம்பியில் பட்ட கணத்தை மட்டும் கவனிக்கும். இன்னொரு பகுதி எந்த ஸ்வரம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது என்று கவனிக்கும். தட்டிய கணம் பதிவாகவில்லை என்றால், இரண்டாவது பகுதி எவ்வளவு சொன்னாலும் அதைப் புது ஸ்வரமாக ஏற்பதில்லை. நிழல்களில் பெரும்பகுதி இப்படி வடிகட்டப்பட்டது.

அடுத்து பைட்டான்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் பெடலையும் சேர்த்துக் கண்டறியும் முறையை உருவாக்கினார்கள். அதை வைத்து 2,786 இசையமைப்பாளர்களின் 10,855 பியானோ படைப்புகளை ஒலிப்பதிவிலிருந்து மிடியாக மாற்றி 2020-ல் வெளியிட்டார்கள். மனிதர்கள் உட்கார்ந்து எழுதினால் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்!

96 மதிப்பெண் போதுமா?

ஸ்வரம் தொடங்கிய கணத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதில், மேஸ்ட்ரோ தொகுப்பின் சோதனையில் பைட்டான்ஸ் முறை எடுத்த மதிப்பெண் 100-க்கு 96-க்கும் மேல். நம் வீட்டுப் பிள்ளை இவ்வளவு எடுத்தால் ஊரைக் கூட்டிவிடுவோம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று நிமிடப் படைப்பில் 1,500 ஸ்வரங்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நான்கு தவறு என்றால் 60 இடங்களில் பிழை. ஒரு ஸ்வரம் விட்டுப்போயிருக்கும், அல்லது இல்லாத ஸ்வரம் முளைத்திருக்கும். அதுவும் இது நல்ல பியானோ, நல்ல மைக், தேர்ந்த கலைஞர் என்ற நிலையில் எடுத்த மதிப்பெண். சுருதி இறங்கிய பியானோ, மேலே ஓடும் ஃபேன், தெருவில் ஹாரன் என்றால் பிழை கூடத்தான் செய்யும்.

இதெல்லாம் திருத்திவிடக்கூடிய பிழைகள். பெரிய சவால் வேறு.

ஸ்வரம் தெரிந்தாலும் எழுதத் தெரியாது!

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்தால், ஓர் அடிக்கு ஒரு நொடி. அரை அடி ஸ்வரம் என்றால் அரை நொடி. ஆனால் மனிதர் யாரும் மிகச்சரியாக 0.5 நொடி வாசிப்பதில்லை. ஒன்று 0.46 இருக்கும். அடுத்தது 0.53. உருக்கமான இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தால் 0.7-கூட ஆகும். அந்த ஏற்ற இறக்கம்தான் இசைக்கு உயிர். இயந்திரம் அதை அப்படியே எழுதினால், தாள் முழுக்க ஒட்டுப்போட்ட சின்னச் சின்ன ஸ்வரங்கள் வந்து விழும். அளவு சரிதான், யாராலும் படித்து வாசிக்க முடியாது. ஹோல்ஃபெல்டின் பென்சில் கோடு போலத்தான்.

அந்த 0.7 நொடி, உணர்ச்சியால் நீண்ட அரை அடியா? இல்லை, எழுதும்போதே நீளமாக எழுத வேண்டிய முக்கால் அடியா? வாசித்தவருக்குத் தெரியும். இயந்திரம் ஊகிக்கத்தான் முடியும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ண வேண்டிய தாளமா, ஆறு ஆறாக எண்ண வேண்டியதா? முதல் அடி எங்கே விழுகிறது? எந்த ஸ்வரம் வலது கை, எது இடது கை? நடுவில் இரு கைகளும் குறுக்கே போனால் எப்படிப் பிரிப்பது? இவை எல்லாமே ஊகம்தான்.

எழுத்துப் பிழை போன்ற சிக்கலும் உண்டு. நம் பேச்சில் 'ந'வும் 'ன'வும் பெரும்பாலும் ஒரே ஒலிதான். ஆனால் 'நிலம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'னிலம்' என்று எழுதினால் படிப்பவர் நின்றுவிடுவார். பியானோவில் 61-ம் எண் கறுப்பு கீயும் அப்படித்தான். ராகத்தின் போக்கைப் பொறுத்து அதை 'சி ஷார்ப்' என்றும் எழுதலாம், 'டி ஃப்ளாட்' என்றும் எழுதலாம். கீ ஒன்று, எழுத்து இரண்டு. தவறாக எழுதினால் ஒலி மாறாது. ஆனால் அனுபவமுள்ளவர் பார்த்தவுடன் முகம் சுளிப்பார்.

கர்னாடக இசை கற்றவர்களுக்கு இது புரிந்துவிடும். புத்தகத்தில் 'ச ரி க ம' என்று இருக்கும். அந்த 'க'வை எப்படி அசைக்க வேண்டும் என்பது குரு பாடிக் காட்டும்போதுதான் தெரியும். ஸ்டாஃப் நோட்டேஷன் இன்னும் நிறைய விஷயங்களைச் சொல்லும் என்றாலும், அதிலும் விட்டுப்போவது உண்டு. ஜாரெட் ஒலிப்பதிவையே இறுதி ஆதாரமாக்கச் சொன்னதும் இதனால்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்க...

*பதிவு செய்யும்போது:* பியானோவைச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேன், ஏசியை அணைத்துவிடுங்கள். போனைப் பியானோ மேல் வைத்தால் அதிர்வும் பதிவாகும். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, ஸ்டாண்டில் வையுங்கள். குரலுக்காக இரைச்சலை வடிகட்டும் வசதி போனில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பியானோவின் தேய்ந்து மறையும் ஒலியை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும். கூடவே பாட வேண்டாம். முடிந்தால் 'வேவ்' வடிவில் பதிவு செய்யுங்கள்.

*வாசிக்கும்போது:* இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை உங்கள் மனம் போல. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை, காதில் இயர்போனில் மெட்ரோனோம் ஓட, பெடலைக் குறைத்து, தாளம் தப்பாமல். நோட்டேஷனுக்குக் கொடுக்க வேண்டியது இந்த இரண்டாவது பதிவை. பாதிப் பிரச்னை இதிலேயே தீர்ந்துவிடும்.

*மாற்றும்போது:* ஸ்பாட்டிஃபை 2022-ல் வெளியிட்ட 'பேசிக் பிட்ச்' இலவசம். பிரவுசரிலேயே இயங்கும். ஆனால் அது தருவது மிடி மட்டுமே, தாள் அல்ல. பியானோவுக்கென்றே செய்யப்பட்ட 'பியானோ2நோட்ஸ்' நோட்டேஷனாகவே தரும். 'ஆந்தம்ஸ்கோர்' கணினியில் இயங்கும் மென்பொருள். கட்டணச் சேவை என்றால் முழுப் பாட்டுக்கும் பணம் கட்டும் முன், சின்னப் பகுதியைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

*திருத்தும்போது:* கிடைத்த மிடியைக் கணினியில் 'மியூஸ்ஸ்கோர்' என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். அங்கே இந்த வரிசையில் வேலை செய்தால் நேரம் மிச்சம். முதலில் தாளம், முதல் அடியின் இடம். அடுத்து கீ சிக்னேச்சர். அடுத்து வலது கை, இடது கை பிரிப்பு. இந்த மூன்றும் சரியான பிறகுதான் ஒவ்வொரு ஸ்வரமாகப் பார்க்க வேண்டும். சரியாக ஒரு ஸ்தாயி மேலே தனியாகத் தெரியும் ஸ்வரங்களைச் சந்தேகப்படுங்கள். அது நிழலாக இருக்கலாம். ஒரே கீயை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டிய இடங்களில் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும். கார்டுகளின் நடு ஸ்வரங்களையும் எண்ணிப் பாருங்கள்.

*கடைசியாக:* மென்பொருளை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் மட்டும் போதாது. அந்தத் தாளை, பாட்டை இதுவரை கேட்காத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே எழுத்து சரியில்லை. அதைத் திருத்திவிட்டுப் பி.டி.எஃப் ஆக்கி, ஏ4 தாளில் பிரின்ட் எடுங்கள்.

அலமாரியில் கிடக்கும் கேசட்

தாத்தாவோ அத்தையோ வாசித்த பியானோ, பழைய கேசட்டில் இருக்கிறதா? அதையும் முயலலாம். ஆனால் கேசட் ஓடும் வேகம் பெரும்பாலும் துல்லியமாக இருக்காது. வேகம் சுமார் 6 சதவிகிதம் கூடினாலே, எல்லா ஸ்வரமும் அரை ஸ்வரம் மேலே ஏறிவிடும். 3 சதவிகிதம் என்றால் இரண்டு கீகளுக்கு நடுவில் நின்று இயந்திரத்தைக் குழப்பும். முதலில் கணினியில் ஏற்றி, 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் வேகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டில் சுருதி சேர்த்த கீபோர்டு இருந்தால், அதோடு ஒப்பிட்டுக் காதாலேயே சரிபார்க்கலாம்.

கேசட்டின் ஒரிஜினலை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் வரும் மென்பொருள் இன்னும் நன்றாகக் கேட்கக்கூடும்.

எழுதினால் நமக்குச் சொந்தமா?

சுவாரஸ்யமான ஒரு சட்ட விஷயம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தபோது, 'இசைப் படைப்பு' என்பதற்கு அது கொடுத்த விளக்கம், அச்சிடப்பட்ட அல்லது எழுதப்பட்ட இசை என்பதுதான். அதாவது, காகிதத்தில் இல்லாத மெட்டு சட்டத்தின் கண்ணில் இசைப் படைப்பே அல்ல! 1994-ல் வந்த திருத்தம்தான் இதை மாற்றியது. இப்போது இசைதான் படைப்பு. நோட்டேஷன் அதில் ஒரு பகுதி. எழுதத் தெரியாதவரின் மெட்டும் அவருக்கே சொந்தம்.

அதே காரணத்தால், அடுத்தவர் மெட்டை நாம் எழுதிவிட்டால் அது நமதாகிவிடாது. இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை இந்தியாவில் உரிமை தொடரும். பிடித்த சினிமாப் பாட்டை நீங்கள் பழகுவதற்காக எழுதி வைத்துக்கொள்வது வேறு. அதைப் புத்தகமாக்கி விற்பதோ, இணையத்தில் ஏற்றுவதோ வேறு. அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். பேத்தோவன், ஷோபான் போன்றவர்களின் படைப்புகளுக்கு இந்தத் தடை இல்லை.

உங்கள் சொந்த மெட்டு என்றால் தயக்கமே வேண்டாம். திருத்திய தாளின் மேலே பாட்டின் பெயர், வாசித்தவர் பெயர், வாசித்த தேதி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். ஒலிப்பதிவையும் மிடி கோப்பையும் அதே பெயரில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். இரண்டு பிரதி பிரின்ட் எடுத்து, ஒன்றை வாசித்தவரிடம் கொடுங்கள். இன்னொன்றை, வீட்டில் இப்போதுதான் பியானோ கற்க ஆரம்பித்திருக்கும் பிள்ளையின் புத்தகத்துக்குள் வையுங்கள்.